காலிக் கட்டம் சொல்லும் கணக்கு

ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றிலிருந்து நூறு வரை தடுமாறாமல் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. விருந்தாளி வந்தால் சொல்லிக் காட்டச் சொல்வோம். கணக்கில் கெட்டி என்று முடிவும் கட்டிவிடுவோம். அதே பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டையைக் கொடுத்து, 'இதைப் பத்தாக்க இன்னும் எத்தனை வேணும்?' என்று கேட்டால் நிலைமை மாறிவிடும். சில பிள்ளைகள் விழிக்கும். சில பிள்ளைகள் ஏழையும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். இன்னும் சில, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். இது அறிவுக் குறைவல்ல. எண்களை வரிசையாகச் சொல்வது நாக்குக்குப் பழகிய பாட்டு. ஏழு என்பது பத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, ஐந்தை விட எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது வேறு வகை அறிவு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதும் வந்துவிட்டது என்று நம்புவதில்தான் தொடக்கப்பள்ளிக் கணக்கின் பாதித் தொல்லை தொடங்குகிறது.

இந்த இரண்டாவது அறிவை வளர்ப்பதற்கென்று பல நாடுகளின் தொடக்க வகுப்புகளில் ஒரு சின்னக் கருவி புழங்குகிறது. மேலே ஐந்து கட்டம், கீழே ஐந்து கட்டம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் டென் ஃபிரேம் என்கிறார்கள். நாம் பத்துச் சட்டகம் என்று சொல்லிக்கொள்ளலாம். கட்டத்துக்கு ஒரு காய் வீதம் மேல் வரிசையின் இடது ஓரத்திலிருந்து வைத்துக்கொண்டே வர வேண்டும். மேல் வரிசை நிரம்பிய பிறகே கீழ் வரிசை. காய் என்பது புளியங்கொட்டையாக இருக்கலாம், சட்டைப் பொத்தானாக இருக்கலாம், பாட்டில் மூடியாகவும் இருக்கலாம். அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் ராபர்ட் விர்ட்ஸ் 1970களில் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஜான் வான் டி வாலே எழுதிய ஆசிரியர் கையேடுகள் வழியாகப் பரவியது. பார்ப்பதற்கு இதில் பெரிய ஞானம் எதுவும் இருப்பதாகத் தெரியாது. காய்களை வைத்து எண்ணச் சொல்லும் பழக்கம் நம் ஊரிலும் எப்போதும் உண்டுதானே என்று கேட்கத் தோன்றும். வேறுபாடு இங்கேதான்: குவியலாகக் கொட்டிய காய்கள் பிள்ளையை எண்ண மட்டுமே வைக்கும். சட்டகத்தில் வைத்த காய்கள் எண்ணாமல் பார்க்க வைக்கும். அந்த வேலையைச் செய்வதில் காய்க்கு இருக்கும் பங்கைவிட, காய் வைக்காத கட்டத்துக்கு இருக்கும் பங்கு பெரிது.

எண்ணுதல் என்பது பெரியவர்களுக்குத் தோன்றுவதுபோல எளிய செயல் அல்ல. ரோஷெல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் இருவரும் 1978இல் எழுதிய நூல் அதன் உள் அடுக்குகளைப் பிரித்துக் காட்டியது. ஒரு பொருளுக்கு ஒரு எண் பெயர் மட்டுமே சொல்ல வேண்டும். பெயர்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தக் கூட்டத்தின் அளவு. எந்தப் பொருளையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது. இவற்றில் மூன்றாவதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் தாமதமாகப் பிடிபடுகிறது. 1990இல் கேரன் வின் என்ற உளவியலாளர் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, 'மூன்று எடுத்துக் கொடு' என்று கேட்டார். ஆறு ஏழு வரை சரியாக எண்ணத் தெரிந்த பிள்ளைகளில் பலரும் கைக்கு அகப்பட்டதை அள்ளிக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்துக் கொடுக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. முதலில் ஒன்று என்பதன் பொருள், பல மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று என்று அவர்கள் ஒவ்வொரு படியாக ஏறுகிறார்கள். வாய்ப்பாட்டு முன்னே ஓடுகிறது. பொருள் பின்னாலேயே மெதுவாக வருகிறது. நாம் பாட்டின் வேகத்தைப் பார்த்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

எண்ணாமலே எண்ணிக்கை தெரிந்துகொள்ளும் திறன் ஒன்று நம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லை மிகக் குறுகியது. பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1871இல் தன்னையே வைத்து ஒரு சோதனை செய்தார். பெட்டியை நோக்கி மொச்சைகளை வீசுவது, விழுந்தவை எத்தனை என்று ஒரே பார்வையில் சொல்வது, பிறகு எண்ணிச் சரிபார்ப்பது. ஆயிரம் முறைக்கு மேல் செய்து பார்த்தார். மூன்று, நான்கு வரை ஒரு பிழையும் வரவில்லை. ஐந்தில் பிழை தொடங்கியது. எண்ணிக்கை கூடக் கூடப் பிழையும் கூடியது. அதன் பின் நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இந்த எல்லையைத்தான் உறுதி செய்தன. பல்லாங்குழி ஆடுபவர்கள் இதை ஏட்டறிவு இல்லாமலே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். குழியில் நான்கு காய் சேர்ந்தவுடன் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வார்களே, அதற்கு யாரும் ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. பார்த்த மாத்திரத்தில் கை போகும். அந்த நான்கு கண்ணின் எல்லைக்குள் இருக்கிறது. ஏழு காய் சேர்ந்திருந்தால் அதே ஆட்டக்காரர் நின்று எண்ணித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஏழையும் எட்டையும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வது எப்படி? கண்ணின் எல்லையை நீட்ட முடியாது. ஆனால் எண்ணை, கண்ணுக்கு அடங்கும் துண்டுகளாக அடுக்க முடியும். பத்துச் சட்டகம் செய்வது இதைத்தான். ஏழு காயை வைத்தால் மேல் வரிசை முழுதும் நிரம்பியிருக்கும். நிரம்பிய வரிசை ஐந்து என்பது ஓரிரு வாரத்தில் பிள்ளைக்குப் பழகிவிடும். அதை யாரும் மறுபடி எண்ணுவதில்லை. கீழே இரண்டு, அது கண்ணுக்கு உட்பட்டது. அதன் பக்கத்தில் மூன்று கட்டம் காலி. அதுவும் கண்ணுக்கு உட்பட்டது. ஆக ஒரே படத்தில் ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்று தெரிகிறது, பத்துக்கு மூன்று குறைவு என்றும் தெரிகிறது. மேசையில் கிடக்கும் ஏழு கொட்டையால் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் இல்லாத மூன்றுக்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. சட்டகம் இல்லாததற்கும் இடம் ஒதுக்கி வைக்கிறது. முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு விடை அதில் எழுதியே இருக்கிறது.

இதன் பலன் கூட்டலில் தெரியும். எட்டும் ஐந்தும் எத்தனை? ஒரு சட்டகத்தில் எட்டு, அடுத்த சட்டகத்தில் ஐந்து. எட்டில் இரண்டு கட்டம் காலி என்று பார்க்கும் பிள்ளை, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அங்கே போடும். இங்கே பத்து நிரம்பிவிட்டது, அங்கே மூன்று மிச்சம், பதின்மூன்று. பதின்மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டுமென்றால் முதலில் வெளியே இருக்கும் மூன்றை எடுத்துவிட்டு, நிரம்பிய பத்திலிருந்து இன்னும் இரண்டு, எட்டு மிச்சம். பெரியவர்கள் மனக்கணக்கில் செய்வது இதையேதான், செய்கிறோம் என்று தெரியாமலே. எண்ணி எண்ணிப் பழகிய பிள்ளை இதே கழித்தலுக்குப் பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னோக்கி இறங்க வேண்டும். எத்தனை படி இறங்கினோம் என்பதையும் கூடவே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பதின்மூன்றையே முதல் படியாக எண்ணிவிட்டால் விடை ஒன்பதாகிவிடும். வகுப்பறைகளில் ஒன்று கூடியோ ஒன்று குறைந்தோ வரும் விடைகள் பலவற்றுக்கும் இதுதான் வேர்.

பிரிட்டனைச் சேர்ந்த எடி கிரே, டேவிட் டால் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் மிகவும் பொருத்தமானது. ஏழு முதல் பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகள் வரை எளிய கூட்டல் கழித்தலை எப்படிச் செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தார்கள். கணக்கில் முன்னே நிற்கும் பிள்ளைகள் தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததை வருவித்துக்கொண்டார்கள். பின்தங்கிய பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தார்கள். வயது கூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த ஆய்விலிருந்து அவர்கள் எடுத்த முடிவு நம் வழக்கமான எண்ணத்தைத் தலைகீழாக்குவது: பின்தங்கிய பிள்ளை அதே கணக்கை மெதுவாகச் செய்யவில்லை, அது செய்வது வேறொரு கணக்கு, அதுவும் கடினமான கணக்கு. நீண்ட எண்ணிக்கையை மனதில் தாங்கிக்கொண்டு போவது உண்மையிலேயே பெரும் பாரம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்? இன்னும் இருபது கூட்டல் போட்டுக்கொண்டு வா என்கிறோம். அதாவது, எண்ணும் பழக்கத்தை இன்னும் இறுக்கிக் கட்டுகிறோம். சுருக்கு வழி இருப்பதே தெரியாதவருக்குச் சுற்றுவழியில் வேகமாக நடக்கப் பயிற்சி கொடுப்பதில் என்ன பயன்?

ஐந்தையும் பத்தையும் கைப்பிடியாக வைத்துக்கொள்வது ஒரு நாட்டின் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மணிச்சட்டமான சொரோபானில் ஒவ்வொரு கம்பியிலும் ஐந்து மதிப்புள்ள மணி ஒன்று தனியாக மேலே நிற்கிறது. ஜப்பானியப் பிள்ளைகள் ஐந்தை நடுவில் ஓர் அலகாக வைத்துக் கூட்டப் பழகுவதைக் கியோ ஹத்தானோ என்ற ஆய்வாளர் 1982இல் விளக்கி எழுதினார். நெதர்லாந்தில் அட்ரி டிரெஃபெர்ஸ் வடிவமைத்த ரேக்கன்ரெக் என்ற மணிச்சட்டத்தில் வரிசைக்குப் பத்து மணி. ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை. சென்னை அடையாற்றில் 1939 முதல் சில ஆண்டுகள் தங்கிப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் பொன்மணிகளும் பத்துப் பத்தாகக் கோத்தவைதான். ஆனால் அந்தப் பொன்மணிக் கம்பியில் ஐந்தாவது இடத்தில் எந்த அடையாளமும் இல்லை. பத்து என்று சொல்லிக் கொடுத்ததால்தான் அது பத்து. கண்ணால் மட்டும் பார்த்து ஒன்பது அல்ல என்று உறுதி சொல்ல முடியாது. பெரிய எண்களின் இடமதிப்புக்கு அந்த மணிகள் அருமையானவை. பத்துக்குள் இருக்கும் உறவுகளுக்குச் சட்டகமே மேல் என்பது என் மதிப்பீடு.

பத்து விரல் இருக்கும்போது தனியாகச் சட்டகம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கையும் ஐந்தும் ஐந்துமாகத்தான் இருக்கிறது. இயற்கையே கொடுத்த சட்டகம். விரலை மடக்காதே என்று பிள்ளையின் கையைத் தட்டிவிடும் பழக்கத்துக்கு ஆய்வில் ஆதரவும் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்ரீன் தெவனோவும் குழுவினரும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் விரலைப் பயன்படுத்தாதவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் சரியான விடைகள் ஏறக்குறைய இரு மடங்காயின. ஆகவே விரல் எதிரி அல்ல. ஆனால் விரலில் இரண்டு குறை உண்டு. எட்டும் ஐந்தும் கூட்டப் போகும்போது விரல் தீர்ந்துவிடும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: பெரியவர்கள் பலர் விரலை மடக்கி எண்ணுவதில்லை, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். பொருட்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்க அது வசதியான முறைதான். ஆனால் விரலுக்கு மூன்று கணு என்று போகும்போது ஐந்து ஒரு விரலின் நடுவில் விழும், பத்து இன்னொரு விரலின் தொடக்கத்தில் விழும். எண்ணிக்கை கிடைக்கும், உருவம் கிடைக்காது. சின்னப் பிள்ளைக்குக் கணுவைவிட முழு விரலைக் காட்டுவது நல்லது. விரலுக்கும் சட்டகத்துக்கும் இடையே போக்குவரத்து இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து வருவது தாத்தா பாட்டி காலத்து மறுப்பு. அவர்கள் சட்டகமா பார்த்தார்கள், வாய்ப்பாட்டை ஒப்பித்தே மனக்கணக்கில் புலிகளாக இருந்தார்களே? இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் ஆகிய கணக்கு வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளை ஆராய்ந்த செந்தில்பாபு காட்டுவதுபோல, அது பொருளற்ற ஒப்பித்தல் அல்ல. நிலம் அளப்பது, நெல் அளப்பது, கூலி பிரிப்பது என்று ஊரில் நடந்த வேலைகளோடு பின்னிய நினைவாற்றல் அது. மரக்காலும் படியும் கண்முன்னே இருந்தன. நாம் அந்த முறையில் ஒப்பித்தலை மட்டும் வைத்துக்கொண்டு அளவைகளைக் கழற்றிவிட்டோம். 2025இல் நேச்சர் இதழில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரிவின் விளைவைக் காட்டுகிறது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகள் விலையையும் மீதிச் சில்லறையையும் மனதிலேயே போட்டுவிடுகிறார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி முறையில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளியில் மட்டும் கணக்குப் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். இரண்டு அறிவும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. மனப்பாடம் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. பத்தாகும் இணைகள் (ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும்) கடைசியில் யோசிக்காமல் நாக்கில் வந்து நிற்கத்தான் வேண்டும். எதை மனப்பாடம் செய்கிறோம் என்று தெரிந்த பிறகு அது நடக்கட்டும்.

எல்லாவற்றிலும் வலிமையான மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது. பொருளைக் கையில் கொடுத்தால் கணக்கு தானாகத் தலைக்குள் போய்விடும் என்பது வெறும் மாய நம்பிக்கை என்று டெபோரா பால் 1992இலேயே எச்சரித்தார். ஆசிரியருக்குச் சட்டகத்தில் தெரியும் கணிதம், அதை முன்பே அறிந்த ஆசிரியரின் கண்ணுக்குத்தான் தெரிகிறது; பிள்ளைக்கு அது அட்டையும் கொட்டையும். 2013இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கைப்பொருட்களால் பலன் உண்டு, ஆனால் அது சீரானதல்ல என்று கண்டார்கள். கற்றது நினைவில் நிற்பதற்கு நன்றாக உதவியது, புதிய இடத்தில் எடுத்துப் பயன்படுத்துவதற்குச் சிறிதளவே உதவியது. இந்தியாவிலிருந்து வந்த சான்று இன்னும் கசப்பானது. டெல்லியில் 214 முன்பள்ளிகளில், 1,500க்கு மேற்பட்ட பிள்ளைகளோடு, பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் துணையுடன் நடந்த பெரிய ஆய்வு 2017இல் சயன்ஸ் இதழில் வெளியானது. புள்ளிக் கூட்டங்களை ஒப்பிடுவது, வடிவங்களை இனம்பிரிப்பது போன்ற விளையாட்டுகளை நான்கு மாதம் ஆடினார்கள். எண்ணிக்கையை ஒரு பார்வையில் மதிப்பிடும் திறன் வளர்ந்தது; ஓராண்டுக்குப் பிறகும் அது நிலைத்திருந்தது. ஆனால் அதே பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது பள்ளிக் கணக்கில் மற்றவர்களைவிட முன்னே நிற்கவில்லை.

இந்த முடிவைப் படித்துவிட்டுச் சட்டகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது எதிர்த்திசையில் பேசுவதாகத் தோன்றுகிறது. அந்த விளையாட்டுகளில் எண்ணிக்கை உணர்வு இருந்தது. எண்ணின் பெயரோடும் எண்ணுருவோடும் அதைக் கட்டிப்போடும் கயிறுதான் போதவில்லை. பள்ளி கேட்பது அந்தக் கயிற்றை. பத்துச் சட்டகம் அந்தக் கயிறாக முடியும், அதைச் சுற்றிப் பேச்சு நடந்தால். அட்டையை இரண்டு நொடி காட்டி மறைத்துவிட்டு ஆசிரியர் கேட்கிறார்: 'எத்தனை பார்த்தீங்க?' 'எட்டு டீச்சர்.' 'எப்படித் தெரிஞ்சுது?' இந்த இரண்டாவது கேள்விதான் பாடம். 'மேல அஞ்சு, கீழ மூணு' என்று ஒரு குரல். 'ரெண்டு காலி டீச்சர்' என்று இன்னொன்று. 'மேல ஒண்ணைக் கீழ போட்டா நாலு நாலு' என்று மூன்றாவது குரல் வந்தால், அந்தப் பிள்ளை ஒரு காயை மனதிலேயே நகர்த்தி இரண்டு வரிசையையும் சமமாக்கியிருக்கிறது. ஆசிரியர் மூன்றையும் கரும்பலகையில் எழுதுகிறார்: 5 + 3, 10 − 2, 4 + 4. சொல், படம், எண்ணுரு மூன்றும் அப்போது ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இரண்டு நொடிக்கு மேல் காட்டினால் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். மறைப்பதுதான் அவர்களைப் படமாகப் பிடிக்க வைக்கிறது.

பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு ஆட்டத்திலிருந்தும் சான்று தரலாம். ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் 2008இல், வசதி குறைந்த குடும்பங்களின் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண் எழுதிய பலகையில் காய் நகர்த்தி ஆட வைத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேர ஆட்டத்திலேயே எண்களின் அளவு பற்றிய அறிவு தெளிவாக உயர்ந்தது. வண்ணம் மட்டும் பூசிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பின்னர் எலைடா லாஸ்கியும் சீக்லரும் நூறு கட்டப் பலகையில் இன்னொன்றைக் கவனித்தார்கள். ஐந்தாம் கட்டத்தில் நிற்பவர் இரண்டு விழுந்தால் 'ஆறு, ஏழு' என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்ந்தபோது கற்றல் நடந்தது; 'ஒன்று, இரண்டு' என்று சொல்லி நகர்ந்தால் அவ்வளவு நடக்கவில்லை. பலகை ஒன்றுதான், காய் ஒன்றுதான், மாறியது வாயில் வந்த சொல். பரமபதம் ஆடும் வீடுகள் இன்று மாலையே இதைச் செய்து பார்க்கலாம்.

காய் எதுவாக இருக்க வேண்டும் என்பதிலும் ஆய்வு நமக்குச் சாதகமாக இருக்கிறது, செலவைக் குறைக்கும் வகையில். டேவிட் அட்டலும் உடன் ஆய்வாளர்களும் 1990களிலிருந்தே சொல்லி வருவது இது: கணக்குக்காகக் கொடுக்கும் பொருள் ஒரே நேரத்தில் பொருளாகவும் குறியாகவும் இருக்கிறது, பொருள் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பிள்ளை அதைக் குறியாகப் பார்க்க மறக்கும். வண்ண யானைப் பொம்மையைக் கொடுத்தால் யானை விளையாட்டு நடக்கும், எட்டு நடக்காது. பெட்டியில் அடைத்து விற்கும் பளபளப்பான 'கணிதக் கிட்'டை விடப் புளியங்கொட்டை மேல். சட்டகத்துக்கு முட்டை அட்டை போதும்: முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஐந்து குழி வீதம் ஆறு வரிசை இருப்பதால், இரண்டு வரிசையாக வெட்டினால் ஓர் அட்டையில் மூன்று சட்டகம் கிடைத்துவிடும். ஓர் எச்சரிக்கை மட்டும்: பல்லாங்குழிக்குப் பழகிய குன்றிமணி பார்க்க அழகாக இருந்தாலும் கடித்துவிட்டால் நஞ்சு, பிள்ளைகள் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும் வயதில் கொட்டைகளும் வேண்டாம், பெரிய பாட்டில் மூடி போதும்.

ஆக, தடை பணம் அல்ல; நேரமும் நோட்டுப் புத்தகமும்தான். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பள்ளியில் 'எப்படித் தெரிஞ்சுது?' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது உண்மையான கவலை. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியதில்லை. மறைத்துக் காட்டும் ஆட்டம் முழு வகுப்போடு ஐந்து நிமிடத்தில் முடியும். ஒரு நாளைக்கு மூன்று பேர் விளக்கினால் போதும், மற்றவர்கள் காதால் கற்பார்கள். செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுதும் பரவியபோதும், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோதும், பொருளையும் செயலையும் தொடக்க வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் கொள்கை அளவில் ஏற்கப்பட்டுவிட்டது. இனிக் கவனிக்க வேண்டியது, பொருள் வெளியே எடுக்கப்படுகிறதா என்பதைவிட அதைச் சுற்றி என்ன கேட்கப்படுகிறது என்பதுதான். நோட்டுப் பிரச்சினை வேறு வகை. மாலையில் பையைத் திறந்து பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும் பெற்றோருக்குச் சட்டகத்தில் நடந்த பாடம் கண்ணில் படாது. ஆசிரியர்கள் இந்த அழுத்தத்துக்குப் பணிவதைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு ஒரு முட்டை அட்டைத் துண்டையும் ஒரு கேள்வியையும் அனுப்பிவிட்டால், பாடம் என்னவென்று பெற்றோருக்கே தெரிந்துவிடும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு சின்ன வசதி உண்டு. பதின்மூன்று என்று சொல்லும்போதே பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. ஒரு சட்டகம் நிரம்பி அடுத்ததில் மூன்று வைத்திருப்பதை அந்தப் பெயரே படித்துக் காட்டுகிறது. ஆங்கில வழியில் லெவன், ட்வெல்வ் என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு அந்த உதவி இல்லை. சீன மொழிப் பிள்ளைகளும் அமெரிக்கப் பிள்ளைகளும் எண்ணக் கற்பதை ஒப்பிட்ட ஆய்வுகளில், இரு தரப்பும் பத்து வரை ஒன்றுபோலப் போய், பத்தைத் தாண்டியதும் அமெரிக்கப் பிள்ளைகள் தடுக்கி விழுவது தெரிந்தது. ஆகவே நம் ஊர் ஆங்கில வழி எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குத்தான் இரண்டு சட்டகங்களின் தேவை கூடுதல்.

சட்டகத்தை எப்போது எடுத்து வைப்பது? பொருளைக் கொடுத்துப் பழக்கினால் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சம், எடுத்து வைக்கத் திட்டமே இல்லாத இடத்தில் உண்மையாகிவிடும். முதலில் காய் வைத்த சட்டகம். பிறகு புள்ளி வரைந்த அட்டை. பிறகு அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, 'இதுல ஆறு இருக்கு, இன்னும் நாலு போட்டா என்ன ஆகும்?' என்ற கேள்வி. கவிழ்ந்த அட்டையைப் பார்த்தபடி பதில் சொல்லும் பிள்ளைக்கு இனி அட்டை வேண்டாம். 38உடன் 7 கூட்டும்போது முப்பதை அப்படியே விட்டுவிட்டு, எட்டுக்கு இரண்டு போட்டு நிரப்பி 40, மிச்சம் 5 என்று அது தானாகவே போகும். பெருக்கலுக்கு வந்தால் கதை வேறு. ஆறு ஏழு எத்தனை என்பதற்குச் சட்டகத்தில் இடமில்லை. அதற்கு வரிசையும் நிரலுமாக அடுக்கிய புள்ளிகள் வேண்டும். பின்னங்களுக்கு எண்கோடு வேண்டும். அப்போதும் சட்டகத்தையே வைத்து இழுத்துக்கொண்டிருக்கும் வகுப்பு, பழைய வாய்ப்பாட்டு வகுப்பு செய்த தவற்றைத்தான் புது அட்டையில் செய்கிறது.